பத்து லட்சத்து ஒன்று

செவ்வாய், இரவு

நைனாவின் கைமுறிவுக்குக் கட்டுப்போடப் புத்தூர் போனோம். அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வலி மறக்கட்டும் என்று, சின்ன வயதில் அவர் என்னை மடக்கிய கேள்வியை அவரிடமே கேட்டேன்.

“நைனா, பத்து லட்சத்து ஒண்ணு பகா எண்ணா?”

“ஆமாம்மா. அத்த எதுவும் வகுக்காது.”

நூற்றொன்று வகுக்கும். ஈவு 9901. பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தவர் அவர்தான்.

“நல்லா யோசிச்சியா நைனா?”

“இதுல இன்னா கீது யோசிக்க? நீயே சொல்லு.”

“பகா எண்தான்” என்றேன்.

நான் எந்த விடை சொன்னாலும் ‘எப்படி?’ என்று கேட்காமல் விடமாட்டார். இன்று கேட்கவில்லை. சரியென்று தலையாட்டினார்.

எலும்பு சேர்ந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்றார் கட்டுப்போட்டவர். எலும்பைப் பற்றி இங்கே யார் கவலைப்பட்டார்கள்?