சில்லென்று இருந்த ரேடியேட்டர்

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், ஆஸ்திரேலியாவில் உன்னை வடிவுடையம்மன் பார்த்துக்கொள்வாள். திருவொற்றியூரில் நேற்று நல்ல மழை, நம் கடைக்குள் தண்ணீர் வரவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மறுபடி மீன்பிடிக்கப் போட்டில் போகிறார். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அதனால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், முழுக்கப் படி.

நீ உன் கையாலேயே கட்டும் குட்டி விமானத்தில், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் இரண்டு ரேடியேட்டரை எப்படி இணைப்பது என்று கேட்டபோது, தண்ணீரை இரண்டாகப் பிரித்துவிடு, ஒன்று அடைத்தால் மற்றது காப்பாற்றும் என்று நான்தான் சொன்னேன். ஒன்றின் பின் ஒன்றாகப் போடலாமே என்றாய், இருபது வருடமாக ரேடியேட்டர் பற்றவைக்கிறவளுக்குப் பாடம் எடுக்காதே என்று உன் வாயை அடைத்தேன். காசிமேட்டுப் போட்டுகளுக்குச் செய்து பழகிய புத்தி அது, கடலில் மிதக்கும் பாலித்தீன் கவர் ஒரு பைப்பை அடைத்தாலும் இன்னொன்றை வைத்து ஊர்ந்தாவது கரைக்கு வந்துவிடலாம். ஆனால் சனிக்கிழமை முதல்தடவை பறக்கப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அனுப்பிய படத்தில் உள்ளபடியே நேற்று இரண்டு பழைய கார் ரேடியேட்டரை மேலும் கீழுமாக வைத்து டீசல் இன்ஜினில் மாட்டி ஓடவிட்டேன். சூடு காட்டும் மீட்டரில் முள் ஒழுங்காகத்தான் நின்றது. அப்பா கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னா மங்கை, ஒண்ணு கொதிக்குது, இன்னொண்ணு சில்லுனு கீது” என்றார். மேலே இருந்ததில் காற்று நின்றுகொண்டது, தண்ணீர் முழுக்கக் கீழே உள்ளதிலேயே ஓடியிருக்கிறது. வேகத்தைக் கூட்டியதும் பத்து நிமிடத்தில் பொங்கிவிட்டது. உன் இன்ஜினில் பிஸ்டனே இல்லை, முக்கோணமாக ஒன்று சுற்றுகிறது, ஒருதடவை அளவுமீறிச் சூடேறினால் சீல் போய் இன்ஜினே நின்றுவிடும் என்று நீதானே சொன்னாய். நடுக்கடலில் போட் நின்றால் நங்கூரம் போட்டு அடுத்த போட்டைக் கூப்பிடலாம், நீ எங்கே நங்கூரம் போடுவாய்?

பிறகு நீ சொன்னபடி ஒன்றின் பின் ஒன்றாக மாற்றினேன். தண்ணீருக்கு வேறு வழியில்லை, காற்றைத் தள்ளிக்கொண்டு இரண்டிலும் போனது. பைப்பை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு, மேல் மூலையில் காற்று வெளியேற ஒரு சின்னக் குழாய் வை. நான் சொன்னது தப்பு, நீ சொன்னதுதான் சரி. இந்த ஒரு வரியை எழுத இரண்டு பேப்பரைக் கிழித்தேன். மாட்டியதையெல்லாம் கழற்று, சனிக்கிழமை போனால் போகட்டும். பறக்காதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, நூறு வயது நன்றாக இரு. மாற்றிய பிறகு தரையிலேயே ஓடவிட்டு இரண்டு ரேடியேட்டரையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய். மீட்டர் என்ன காட்டியது என்று எனக்குச் சொல்லவேண்டாம், இரண்டிலும் கை சுட்டதா என்று மட்டும் சொல்.

உன் அம்மா,
மங்கை