முறியாத ஒரே தகடு

8 ஜூலை 2008, செவ்வாய்
ராஜகீழ்ப்பாக்கம்

வாழைநாரிலிருந்து பிரித்த, கண்ணுக்குத் தெரியாத நானோ படிகங்களைக் கலந்தால் பிளாஸ்டிக் வலுவாகும் என்று நாலு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். இன்று படிகம் கலந்து வார்த்து இயந்திரத்தில் மாட்டி இழுத்த தகடுகள் வெறும் பிளாஸ்டிக்கை விடச் சீக்கிரமே முறிந்தன. முறிந்த இடமெல்லாம் வெள்ளைக் கட்டிகள். படிகங்கள் உலரும்போதே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, என்ன செய்தும் பிரிவதில்லை.

ஒரு தகடு மட்டும் தாங்கியது. என் பிஎச்.டி. கைடு சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நஸ்ரீன், இந்த ரிசல்ட்டை மட்டும் போடும்மா. மத்தது சாம்பிள் சரியில்லன்னு விட்டுடு."

எனக்கு மனசு கேட்கவில்லை. அளந்து பார்த்தேன். அது மற்றவற்றை விடத் தடிமனாக இருந்தது, அவ்வளவுதான்.

"சார், இது படிகத்தால தாங்கலை. தகடு கனமா வார்த்திருக்கு."

"அதை யாரும்மா அளக்கப் போறா? தீசிஸை முடிச்சுட்டு வெளிய போற வழியைப் பாரு."

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தா, மகளைப் பார்த்த பெருமையில், "டாக்டரம்மா வந்தாச்சு" என்றார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தீசிஸின் ரிசல்ட் பகுதியை இப்போதுதான் எழுதி முடித்தேன். படிகம் எந்தத் தகட்டையும் வலுவாக்கவில்லை, ஒன்று தாங்கியதும் தடிமனால்தான் என்றே எழுதியிருக்கிறேன். நாளை சார் இதில் கையெழுத்துப் போட மாட்டார். அப்புறம் எங்கே போவேன், அத்தாவிடம் என்ன சொல்வேன், ஒன்றும் தெரியவில்லை.