நீல நாடா கட்டிய களைக்கொடி

மார்ச் 2, சனி

நாத்தனாரை இன்று காட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். வேலை மாற்றலாகி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. லீவு நாளில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்ற இரக்கம். எங்கள் தன்னார்வலர் முறையைச் சொல்லித்தந்தேன்: இந்த மண்ணுக்குச் சொந்தமான கன்றுக்கு நீல நாடா, நாடா இல்லாத களையைப் பிடுங்கலாம். பள்ளிப் பிள்ளைகளை நான் விசில் ஊதி நடத்திப் போவதைப் பார்த்து, "கலக்குறீங்க அண்ணி" என்றாள்.

மார்ச் 16

பிள்ளைகள் அவளையே மொய்க்கிறார்கள். எறும்பு வரிசையைப் பார்க்க எல்லோரையும் குப்புறப் படுக்க வைத்தாள். ஆறு வருஷமாக நான் நின்றபடியே காட்டியிருக்கிறேன்.

பூங்காக் காவலர் சொல்கிறார்: "அவங்க வந்ததுலேருந்து இடமே களை கட்டுது." களை பிடுங்குகிற இடத்தில்!

மார்ச் 20

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 30

பள்ளி ஆசிரியை போன் செய்தார். "அடுத்த நடைக்கு உங்க நாத்தனார் வரட்டுமே, பிள்ளைங்க கேக்கறாங்க." வரட்டும், தாராளமா வரட்டும். நான் வீட்டுல துணி மடிச்சிட்டு இருக்கேன்.

வீட்டுக்காரரோ, "நல்லதுதானே, உனக்கும் ஓய்வு" என்கிறார். தங்கச்சியாச்சே.

ஏப்ரல் 6

பாலத்தில் நின்று பார்த்தேன். அவளுக்கு ஒதுக்கிய ஓடைக்கரையில், நீலம் கட்டி ஜம்மென்று பாதி மரம் ஏறியிருப்பது களைக்கொடி. இளசில் நம் மண்ணின் கொடி மாதிரியே இருக்கும்; களையின் காம்பைக் கிள்ளினால் பால் வரும், அதுதான் அடையாளம். கிள்ளிப் பார்க்காமல் கட்டியிருக்கிறாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைகள் முன்னால் தெரியட்டுமே. நான் இவ்வளவு மோசமானவளா? இன்றைக்கு ஆமாம்.

ஏப்ரல் 13

அவள் நடத்திய முதல் நடை. துணி மடிப்பதை விட்டுவிட்டு நானும் போனேன். காவலர் காம்பைக் கிள்ளினார், பால் வடிந்தது. "இதுக்குப் போய் யார் நாடா கட்டினது?"

அவள் அவிழ்த்துப் பார்த்தாள், உள்ளங்கைக்குள் கசக்கிக்கொண்டாள். "நான்தான் சார். புதுசுல தெரியாம கட்டிட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. வீடுவரை ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தேன். அதிலும் ஒரு சுகம்.

துவைக்கப் போட அவள் பேண்ட் பாக்கெட்டைப் புரட்டினேன். அந்த நாடாத் துண்டு விழுந்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. என் பழைய நைட்டி. போன வருஷம் நாடா தீர்ந்துபோன அன்று கிழித்து நானே கட்டியது. அப்போது அவள் இந்த ஊரிலேயே இல்லை. துண்டை அவளிடம் நீட்டி, ஏன் பழியை ஏற்றாய் என்று கேட்டேன்.

"நான் வாங்கித் தந்த நைட்டி அண்ணி, எனக்குத் தெரியாதா? பிள்ளைங்க முன்னாடி உங்களை விட்டுக்குடுப்பேனா?"

பெருந்தன்மையிலும் முந்திக்கிட்டாளே. இப்ப இன்னும் எரியுது - நான் என்ன செய்ய?

ஏப்ரல் 20

பிள்ளைகளை ஓடைக்கரையில் நிறுத்தி, துண்டைத் தூக்கிக் காட்டினேன். "இந்த நைட்டித் துணியைக் கட்டினது அவங்க இல்ல, நான். கிள்ளிப் பாக்காம கட்டிட்டேன்."

"நைட்டியையா கட்டினீங்க?" என்றது ஒரு வாண்டு. காவலரும் சிரித்துவிட்டார். எல்லோருமாகச் சேர்ந்து கொடியை வேரோடு பிடுங்கினோம்.

பிறகு விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினேன். "ரொம்ப ஊதாதே, பறவைங்க பறந்துடும்" என்றேன். அதையாவது நான் சொல்லித்தந்ததாக இருக்கட்டும்.