லெமினேட் அடிபட்ட நாற்பது வீரர்கள்

வெள்ளிக்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு.

உலகத்தில் இதுவரை நடந்த படையெடுப்பெல்லாம் இதன் முன்னால் தூசு. நான் சவளக்கடை வயலில் அறுவடைக்கு நின்ற இரண்டு நாளுக்குள், என் பொண்டாட்டியின் தம்பி றிஸ்வி நான் சேர்த்துவைத்த இரண்டு டின் கிரிக்கெட் வீரர் காட்களில் ஒரு டின்னிலிருந்த நாற்பதையும் கடைக்குக் கொண்டுபோய் லெமினேட் பண்ணிவிட்டான். கடல் காற்று படாமல் ஒவ்வொன்றையும் மெல்லிய உறையில் போட்டு, டின்னுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்து, இளவரசர்களைப் போல வளர்த்தவன் நான். இனிப் பிரித்தால் கிழியும். மெஷின் சூட்டில் ஒரு காட் மேலிருந்த வீரரின் கையெழுத்து கலங்கி, மீன்குழம்பு சிந்தியதுபோல் கிடக்கிறது. அந்தக் கையெழுத்துக்காகக் கொழும்பு வெயிலில் நின்று பாதி உருகிப்போனேன்.

"இனிக் கடலுக்குள்ள போட்டாலும் நனையாது மச்சான்," என்றான்.

"முதல்ல உன்னைப் போட்டுப் பாக்கிறன்," என்றேன்.

"ஐடென்டிட்டி காட்டெல்லாம் இப்பிடித்தானே வச்சிருக்கம்? மத்த டின்னையும் தாங்க, நாளைக்குச் செஞ்சு தாறன்."

உலகம் அழியும் கியாமத்து நாள் வரை அவனோடு கதைக்கப்போவதில்லை. மற்ற டின் இப்போது என் தலையணைக்குக் கீழே. கழுத்து முறிந்தாலும் எடுக்கமாட்டேன்.

"நல்லதுக்குத்தானே செஞ்சான்," என்று பக்கத்தில் படுத்திருப்பவள் முணுமுணுக்கிறாள். இவளையும் நம்ப ஏலாது. அவனுடைய கூடப்பிறந்த ராத்தா அல்லவா. விடியச் சுபஹு தொழப் பள்ளிக்குப் போனாலும் டின்னோடுதான் போவேன்.