பதினெட்டாம் நாள் காலை

அன்பு மகள் யாஸ்னாவுக்கு,

நம் தொங்கோய்க் கடற்கரை ஊரிலிருந்து அம்மா எழுதுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதைத்தான் நலம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். சுவீடன் குளிரில் நீயும் குழந்தையும் நோய்நொடியில்லாமல் இருந்தால் அதுவே போதும்.

அப்பா போனதைப் பற்றிப் போனில் சொன்னது முழு உண்மையில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அவர் நோயில் படுத்தபோது கூட்டுறவுக் கூடத்துத் தொட்டியில் சிப்பிக் குஞ்சுகள் நீந்த ஆரம்பித்துப் பத்து நாள். மற்ற இரண்டு தொட்டியிலும் எல்லாம் செத்து அடியில் படிந்துவிட்டது, இதுவும் போனால் வளைகுடாவில் வளர்க்க நம் பதினோரு குடும்பத்துக்கும் விதை இல்லை. தூசி மாதிரி இருக்கிற அதுகளை ஒருநாள் விட்டு ஒருநாள் சல்லடையில் வடித்துத் தண்ணீர் மாற்றணும், பாசி ஊட்டணும், உனக்குத் தெரியாததா. அப்பா படுத்தபடியே, கண் வந்துவிட்டதா என்று தினம் கேட்பார். அந்தக் கறுப்புப் புள்ளி வந்ததும் அதுகள் ஒட்ட இடம் தேடும், அப்போது தொட்டியில் வலை இறக்காவிட்டால் ரொம்ப நாள் தாங்காது.

குஞ்சுகள் நீந்த ஆரம்பித்த பதினெட்டாம் நாள் காலையில் லென்ஸில் பார்த்தேன், பாதிக்கு மேல் புள்ளி வந்திருந்தது. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோல்வியா, இன்னிக்குப் போகாதே, பயமா இருக்கு" என்றார். நாற்பது வருஷத்தில் பயம் என்று அவர் வாயால் நான் கேட்டதில்லை. "வலையை இறக்கிட்டு அரை மணியில வந்துடறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டேன். வலையாகப் போடுகிற வெங்காயப் பைகளை ஒவ்வொன்றாகக் கட்டித் தொட்டியில் இறக்க இரண்டு மணி நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு இர்மா வாசலில் நின்றிருந்தாள், அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அவர்தான் போகச் சொன்னார் என்று ஊருக்கும் சொன்னேன், உனக்கும் சொன்னேன். பொய்யம்மா. அடக்கத்தன்று காலையிலும் பாசி ஊட்டப் போனேன், புருஷன் பெட்டியில் கிடக்கும்போது இவளுக்குச் சிப்பிதான் பெரிசு என்று கோயிலில் பேசிக்கொண்டார்களாம்.

போன வாரம் வலைகளைத் தூக்கிப் பார்த்தோம். கோடிக்கணக்கில் நீந்தியதில் நாலு குடும்பத்துக்குப் போதுமான அளவு ஒட்டியிருக்கிறது, அரிசிக் குருணை அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதைப் பகிர்ந்துகொள்வோம். இப்போது எல்லோரும் என்னை மெச்சுகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

தேவமாதா உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. எனக்குப் பதில் போட மறக்காதே, கோபம் வந்தால் கோபமாகவே எழுது, என்னைத் திட்ட இங்கே யாருமில்லை.

உன் அம்மா,
நோல்வியா