களிமண் பாலனின் கண்கள்

1936 டிசம்பர் 22, செவ்வாய். பாகூர்.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கிறிஸ்துமஸ் குடிலுக்காக என் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஏரிக் களிமண்ணில் பொம்மைகள் செய்தார்கள். நாலு வயது செல்லம்மா இயேசு பாலனுக்குக் குண்டுமணி பதித்துக் கண் வைத்தாள். அவள் வீட்டில் களிமண் பிள்ளையாருக்கு அப்படித்தான் வைப்பார்கள்.

மாதா கோயில் உபதேசியார் வந்து பார்த்தார். “இயேசுவுக்கு இன்னாடி பிள்ளையார் கண்ணு?” என்று அறைந்தார். அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பாலனைச் செருப்புக் காலால் நசுக்கினார்.

“சாமிய மிதிக்கிறான்” என்று கத்திக்கொண்டே செல்லம்மா அந்தக் காலின் ஆடுசதையைக் கவ்விவிட்டாள்.

“பாத்துக்கினு நிக்கிறியே டீச்சரம்மா, புடிச்சி இழு” என்று அலறினார்.

இழுக்க வேண்டியவள்தான் நான். பல் நன்றாக இறங்கட்டும் என்று நின்றேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லப் போவதில்லை.