மூன்றாம் வளைவில் ஒரு மஞ்சள் கொடி

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

மகள் பிரின்ஸி கோ-கார்ட் ஓட்டுவதை இன்றுதான் நேரில் பார்த்தேன். தம்புள்ளைப் பக்கத்து ஓடுதளம். கூரையில்லாத குட்டி வண்டி, தரையை உரசிக்கொண்டு பறக்கிறது. சீகிரியா ஹோட்டலில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையா இது?

பதினேழாம் திகதிப் போட்டியில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் கொழும்பில் அகில இலங்கைப் போட்டி. மூன்று வருடமாக லீவு நாளெல்லாம் இதற்குத்தான் போகிறது.

ஆகஸ்ட் 6

எஞ்சின் இரைச்சலில் எந்தச் சத்தமும் கேட்காதாம். ஓட்டுபவரோடு கொடிதான் பேசும். சோறு பிசைந்தபடியே சொல்லித் தந்தாள். நான் என் டீச்சர் பாணியில் மனதில் வைத்துக்கொண்டேன். நீலம்: பின்னால் வேகமானவர் வருகிறார், ஏ9 வீதியில் அம்புலன்ஸுக்கு ஒதுங்குவதுபோல் வழி விடு. கறுப்பு: வகுப்பை விட்டு வெளியே போ. கறுப்பில் செம்மஞ்சள் வட்டம்: இது தண்டனையில்லை, காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது, வண்டியில் கோளாறு. மஞ்சள்: முன்னால் ஆபத்து, மெதுவாகப் போ, யாரையும் முந்தாதே. பச்சை வந்தால் பழையபடி ஓடலாம்.

ஆகஸ்ட் 10

என் வீட்டுக்காரர் ரபாயேல் வர மாட்டாராம். “நீ பாத்துட்டு வந்து சொல்லு, எனக்கு நெஞ்சு தாங்காது.”

ஆகஸ்ட் 17

எப்படி எழுதுவது.

காலையில் மாதா திருநாள் பவனி. முடிந்ததும் கோயில் சனம் ஒரு வேன் நிறைய, நேராக ஓடுதளத்துக்கு. எங்கள் பிள்ளை ஓடுகிறாளே! மூன்றாம் வளைவு வேலியோரம் நின்றோம். கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்று. பிரின்ஸி மூன்றாவது, முன்னால் போன ஹுஸ்னியை முந்தப் பக்கவாட்டில் வந்துவிட்டாள். சந்தோஷத்தில் கையை வீசினேன். கையில் காலையிலிருந்து பிடித்திருந்த திருநாள் கொடி. மஞ்சளும் வெள்ளையும். காற்றில் வெள்ளை மடிந்துபோய் மஞ்சள் மட்டும்—

பின்னால் வருபவர்களுக்குச் சைகையாகப் பிரின்ஸி கையைத் தூக்கினாள். வேகத்தைக் குறைத்து ஹுஸ்னிக்குப் பின்னால் போய்விட்டாள்.

மூன்றாம் இடம்.

எல்லாக் கொடியும் பாடமாக்கியவள் நான். என் கையில் இருந்தது மட்டும் எனக்குக் கொடியாகத் தெரியவில்லை. அது கோயில் சாமான்.

ஆகஸ்ட் 18

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவளோ காலையில் என் தேத்தண்ணிக்கும் சேர்த்துச் சீனி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டி நடத்தும் ஷெல்டன், அந்த வேலியோரம் எங்கள் கொடிக்காரர் நிற்கும் இடமே இல்லையே, பார்த்திருக்கலாமே என்றாராம்.

“நான்தான்னு தெரியலையா பிரின்ஸி?”

“ஆளப் பாக்கப் போனா கொடி தெரியாதும்மா. அங்க நெசமாவே ஒருத்தர் விழுந்து கெடந்திருந்தா?”

கோபமில்லை, தத்துவம் பேசும் தொனியுமில்லை. இந்தப் பிள்ளையை நானா பெற்றேன்?

ஆகஸ்ட் 31

கொழும்புக்கு இன்னும் ஒரே ஒரு இடம் மிச்சம். அக்டோபர் பன்னிரண்டில் முதலாவதாக வருபவருக்கு.

ஷெல்டனுக்குக் கொடி பிடிக்க ஆள் போதாது. நான் வரட்டுமா என்று கேட்டேன். “மகளுக்காகக் கொடிய ஒளிச்சிருவீங்களே டீச்சர்” என்று சிரித்தார். பிரின்ஸி விடவில்லை: “எனக்கே நாப்பது மார்க் போட்டவங்க, பயப்படாதீங்க.”

செப்டம்பர் 21

பயிற்சி. வெயில். தோள் வலி. என்னை மூன்றாம் வளைவில்தான் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 12

இரண்டே சுற்று மிச்சம். ஹுஸ்னிக்குத்தான் ஏற்கெனவே இடம் கிடைத்துவிட்டதே, இன்று ஒரு புதுப் பையன் முதலாவது, அவனை ஒட்டிப் பிரின்ஸி. நான் நிற்கும் வளைவில்தான் முந்தப் போகிறாள் என்று அவள் தோள் சாய்ந்ததிலேயே தெரிந்தது. அதற்குள் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த நுஸ்லா சுழன்று, வளைவு தாண்டித் தளத்துக்குக் குறுக்கே நின்றுவிட்டாள். வருகிறவர்கள் கண்ணில் அவள் படமாட்டாள்.

நான் கொடியை வீசினேன். யோசித்தேனா? ஞாபகமில்லை.

பிரின்ஸியின் கை அந்தக் கணமே மேலே. அந்தப் பையனும் குறைத்தான். நுஸ்லாவைச் சுற்றி வண்டிகள் ஒவ்வொன்றாக, ஊர்வலம்போல் போயின. அவள் எழுந்து தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னிடம் நடந்து வந்தாள். வழி சரியாகிப் பச்சை காட்டியபோது மிச்சம் ஒரு சுற்றுக்கும் குறைவு. பிரின்ஸிக்குப் போதவில்லை. இரண்டாம் இடம்.

எங்கள் ஊர் அலுவிகாரைக்குத் திரும்பும் வழியில் பஸ் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அடுத்த வருஷமும் மூணாம் வளைவுல நீங்களே நில்லுங்கம்மா” என்றாள், கண்ணைத் திறக்காமல்.